ஜன்னலுக்கு மேலே நான்கு துளைகள்: பேட்டரி டிரில் வாங்குவதும் பயன்படுத்துவதும்

வீட்டுக்கு டிரில் வாங்கும் பலரும் முதலில் போட நினைக்கும் துளை ஜன்னலுக்கு மேலேதான் இருக்கும். திரைச்சீலைக் கம்பியைத் தாங்கும் கொக்கிகளை மாட்ட வேண்டும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு துளைகள். சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் ஓடுவது லிண்டல். பூச்சுக்குப் பின்னால் செங்கல் இருக்காது. கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் இருக்கும். வீட்டிலேயே கடினமான இடத்தில்தான் நாம் முதல் துளையைப் போடப் போகிறோம்.

எனக்கு இது தெரியாது. கைக்கு அடக்கமாக, பார்க்க அழகாக இருந்த 12 வோல்ட் டிரில் ஒன்றை வாங்கிவந்து ஜன்னலுக்கு மேலே வைத்து அழுத்தினேன். பூச்சு வெண்ணெய் போல இறங்கியது. அரை அங்குலம் போனதும் நின்றுவிட்டது. பத்து நிமிடம் முழு பலத்தோடு சாய்ந்து நின்றேன். பிட்டின் (டிரில்லில் மாட்டும் துளைபோடும் கம்பியின்) நுனி நீலம் பாய்ந்தது, தீய்ந்த வாடை வந்தது, பேட்டரி தீர்ந்தது. அடுத்த வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் தன் பெரிய மெஷினோடு வந்து, நான் டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் நான்கு துளைகளையும் முடித்துவிட்டார். “மெஷினில் ஒன்றும் கோளாறு இல்லை சார். சுவர் என்ன என்று பார்க்காமல் வாங்கிவிட்டீர்கள்” என்றார்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் சுவரிலிருந்து தொடங்கலாம்.

முதலில் சுவர்

சுவரைத் தட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும். தூளைப் பார்த்தால் நன்றாகவே தெரியும். அலமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், ஏற்கெனவே டிரில் வைத்திருக்கும் ஒருவரை 4 மி.மீ. பிட்டால் இரண்டு அங்குல ஆழத்துக்குத் துளைக்கச் சொல்லுங்கள். கீழே ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் விழும் சாம்பல் நிறத் தூள் சிமெண்ட் பூச்சுடையது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அடுத்து விழுவதுதான் சுவர்.

சிவப்புத் தூள் வந்தால் செங்கல். எந்த நல்ல பேட்டரி டிரில்லும் போதும். சாம்பல் நிறத்தில் வந்து, பிட்டும் தடையில்லாமல் இறங்கினால் ஃபிளை ஆஷ் கல். அதே சாம்பல் நிறம் மாவு போல மெல்ல வந்து, பிட் கிரீச்சிட்டால் கான்கிரீட். வெள்ளை வெளேரென்று ரவை போல உதிர்ந்தால் ஏஏசி பிளாக். எடை குறைந்த, காற்றறைகள் நிறைந்த கல் அது. துளைத்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடுகளின் கதை வேறு. அங்கே துளை எளிதாக விழும். ஆனால் திருகு நிற்காது. திருகைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக்கை நீளமானதாகப் போட்டு, காரையைத் தாண்டிக் கல்லைப் பிடிக்க வேண்டும்.

புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில கட்டடங்களில் அறைச் சுவர்கள் முழுவதையுமே அலுமினிய அச்சில் கான்கிரீட்டாக வார்த்துவிடுகிறார்கள். கட்டுமானத் துறையில் ‘மைவான்’ என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு காலண்டர் மாட்டுவதும் லிண்டலில் துளை போடுவதும் ஒன்றுதான்.

ஒரே பெயரில் பல மெஷின்கள்

கடையில் எல்லாம் துப்பாக்கி வடிவத்தில்தான் தொங்கும். உள்ளே நடப்பது வேறு வேறு.

சாதாரண டிரில் டிரைவர் சுற்றும், அவ்வளவுதான். மரம், தகரம், திருகு ஏற்றுவது ஆகியவற்றுக்கு இது போதும். கழுத்தில் திருகின் படமும் பிட்டின் படமும் இருக்கும்.

சுத்தியல் படமும் சேர்ந்து இருந்தால் அது ஹாமர் டிரில். நம் ஊர்க் கடைகளில் ‘இம்பாக்ட் டிரில்’ என்பது இதைத்தான். உள்ளே பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசித் துள்ளும். அந்தத் துள்ளல் பிட்டை நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை முன்னே தட்டும். அந்தத் தட்டலின் பலம் நீங்கள் அழுத்தும் பலத்தைப் பொறுத்தது. செங்கல்லில் சிறப்பாக வேலை செய்யும். கான்கிரீட்டில் 6 மி.மீ. துளைகள் சிலவற்றைப் பொறுமையாகப் போடலாம்.

கான்கிரீட்டுக்கென்றே பிறந்தது ரோட்டரி ஹாமர். உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஓர் இரும்புக் கட்டையைத் தூக்கி அடிக்கும். நீங்கள் அழுத்தத் தேவையில்லை, பிடித்துக்கொண்டால் போதும். இதன் பிட்டுகளின் அடிப்பகுதியில் வெட்டுக்கள் இருக்கும்; எஸ்டிஎஸ் பிளஸ் என்று பெயர். சாதாரண டிரில்லின் வாயில் இவை சரியாகப் பொருந்தா.

நான்காவது, குட்டையான மூக்குடைய இம்பாக்ட் டிரைவர். பெயரில் இம்பாக்ட் இருப்பதால் சுவருக்கு என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். இது சுற்றும் திசையில் அடிக்கிறது. நீளமான திருகுகளையும் போல்ட்டுகளையும் ஏற்றி இறக்கத்தான் பயன்படும். சுவருக்கு உதவாது. கடையில் கேட்கும்போது “செங்கல் சுவரில் துளை போட வேண்டும்” என்று வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.

என் பரிந்துரை இது. பெரும்பாலும் செங்கல் சுவர், அவ்வப்போது லிண்டல் என்றால் 13 மி.மீ. வாயுள்ள 18 வோல்ட் ஹாமர் டிரில். நாற்காலி, கட்டில், அலமாரி பூட்டுவது மட்டும்தான் என்றால் 12 வோல்ட் டிரில் டிரைவர், கை வலிக்காது. வீடு முழுவதும் கான்கிரீட் என்றால் பேட்டரி டிரில்லின்மேல் ஆசை வைக்காமல் ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுத்து, எல்லாத் துளைகளையும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள்.

பெட்டியின் மேல் இருக்கும் எண்கள்

லித்தியம் அயான் செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். மூன்று செல்களைக் கோத்தால் 10.8, அதுதான் பெட்டியில் 12 ஆகிறது. ஐந்தைக் கோத்தால் 18. முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் அதே ஐந்து செல்கள் 20 வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டும் என்பதால், சில நிறுவனங்கள் 20 என்று அச்சிடுகின்றன. 18-க்கும் 20-க்கும் பலத்தில் வேறுபாடு கிடையாது. இணையத்தில் மலிவாக விற்கும் சில மெஷின்களில் 48, 88 என்றெல்லாம் ஒட்டியிருக்கும்; பேட்டரியைத் திறந்தால் உள்ளே ஐந்து செல்கள்தான் உட்கார்ந்திருக்கும். எழுதிய எண்ணை நம்பாமல் சார்ஜரின் வெளியீட்டு வோல்ட்டைப் படியுங்கள். அது 21 என்று இருந்தால் இதுவும் 18 வோல்ட் குடும்பம்தான்.

ஆம்பியர்-அவர் என்பது பேட்டரி என்ற தொட்டியின் கொள்ளளவு. வீட்டுக்கு 2 ஆம்பியர்-அவர் பேட்டரிகள் இரண்டு இருப்பது, 4 ஆம்பியர்-அவர் ஒன்று இருப்பதைவிட நல்லது. ஒன்று சார்ஜில் இருக்க மற்றொன்று வேலை செய்யும், கையும் கனக்காது. முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். 18 வோல்ட்டில் 50-ஐ ஒட்டி இருந்தால் வீட்டுக்குப் போதும். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் சூடு குறைவாகும், பேட்டரியும் நீடிக்கும், விலை கூடும். ஆண்டுக்கு இருபது துளை போடுபவருக்கு அந்தக் கூடுதல் பணம் தேவையா என்றால், என் கணக்கில் தேவையில்லை. அதைப் பிட்டுகளில் போடுங்கள்.

மெஷின் பத்தாண்டு ஓடும்; பேட்டரி அதற்கு முன்பே தளர்ந்துவிடும். எனவே அதே பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா, சர்வீஸ் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று கேட்டபிறகே பணத்தைக் கொடுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே மின்சாரம் 120 வோல்ட். அந்தச் சார்ஜரை இங்கே 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்துவிடலாம். சார்ஜரின் அடியில் 100–240 என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வளைகுடா நாடுகள் பெரும்பாலானவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. பிளக்கின் வடிவம் மட்டும் மாறும்.

கடையிலேயே செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. நீளமான பிட் ஒன்றை மாட்டி, விசையை மெதுவாக அழுத்துங்கள். பிட்டின் நுனி ஒரே புள்ளியில் நின்று சுழல வேண்டும். வட்டம் போட்டால் வாய் கோணல், வேறு பீஸ் கேளுங்கள். விசையைத் தொட்டதும் முழு வேகத்தில் பாயாமல், விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப வேகம் ஏற வேண்டும். விட்டதும் உடனே நிற்க வேண்டும்.

பிட்டுகள்

சுவர் பிட்டின் நுனியில் சிறு தகடு போல டங்ஸ்டன் கார்பைடு பதித்திருக்கும். அது கல்லை நொறுக்கும், இரும்பை வெட்டாது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட். மரத்துக்கு நடுவில் முள் நீண்ட பிட். மூன்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்தால் மரப் பிட்டைச் சுவரில் தேய்த்துத் தீர்த்துவிடுவீர்கள், நான் தீர்த்திருக்கிறேன். நூறு பிட் கொண்ட மலிவான பெட்டியைவிட 6, 8 மி.மீ. அளவில் நல்ல சுவர் பிட்டுகள் இரண்டிரண்டு வாங்கி வைப்பது மேல்.

வயர் இல்லை என்பதால் ஷாக் அடிக்காதா?

இந்தத் தவறான நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. டிரில்லுக்கு வயர் இல்லை, சுவருக்கு இருக்கிறதே! பிட் உள்ளே ஓடும் மின்வயரைத் தொட்டால் பிட்டிலும் அதைப் பிடித்திருக்கும் உலோக வாயிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். கை ரப்பர் பிடியைத் தாண்டி முன்னே போகக்கூடாது.

சுவருக்குள் ஓடும் குழாய்கள் பெரும்பாலும் சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலே அல்லது நேர் கீழே போகும்; பிறகு கூரையை ஒட்டிப் படுக்கையாகத் திரும்பும். போர்டுகளுக்கும் விளக்குகளுக்கும் நேர்க்கோட்டில் இருபக்கமும் ஒரு சாண் விட்டுவிடுங்கள். குளியலறையில் குழாய்க்கும் கீசருக்கும் இடையே உள்ள சுவரையும் தொடாதீர்கள். அங்கே தண்ணீர்க் குழாய் ஓடும்.

பேட்டரி டிரில்லில் ஒரு பெரிய வசதி உண்டு: வேலை செய்யும்போது வீட்டு மின்சாரத்தை நிறுத்திவிடலாம். மெயினை இறக்கிவிட்டு, பகல் வெளிச்சத்தில் துளை போடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை இறக்கினால் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு பாதி வயர்களுக்கு மின்சாரம் கொடுக்கும். அதையும் அணைத்து, அந்த அறையில் எந்த விளக்கும் எரியவில்லை, எந்தப் பிளக்கிலும் மின்சாரம் இல்லை என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

உடையையும் பாருங்கள். முந்தானை, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு என எது தொங்கினாலும் சுழலும் வாய் அதை இழுத்துச் சுருட்டும். நூல் கையுறையும் வேண்டாம். கண்ணுக்குப் பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. பார்வைக்குப் போடும் கண்ணாடி போதாது. கான்கிரீட் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கிவிடும். என்95 முகக்கவசம் போடுங்கள். ஹாமர் ஓடும்போது காதடைப்பான் தேவை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டில் கொக்கி மாட்ட டிரில் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தத் தூசி புற்றுநோயை உண்டாக்கும். கொக்கியைக் கீழே உள்ள மரச் சட்டத்திலோ இரும்புக் குழாயிலோ மாட்டுங்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் ஏறி நின்று துளை போடுவதும் நம் வீடுகளில் சாதாரணம். பிட் மாட்டிக்கொண்டால் மெஷின் சுழன்று உங்களைத்தான் தள்ளும். நான்கு காலும் தரையில் பதிந்த ஏணியில் நில்லுங்கள். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

இனி அந்த நான்கு துளைகள்

ரசமட்டம் வைத்து இருபக்கமும் ஒரே உயரத்தில் கோடு போடுங்கள். கொக்கியைச் சுவரில் வைத்து, அதன் ஓட்டை வழியாகப் பென்சிலால் புள்ளி வையுங்கள். 6 மி.மீ. ராவல் பிளக் என்றால் 6 மி.மீ. பிட்; பெரிய பிட்டால் போட்டுப் பிறகு தீக்குச்சி சொருகும் பழக்கம் வேண்டாம். பிளக்கின் நீளத்தோடு பூச்சின் கனத்தையும் சேர்த்து, இன்னும் 10 மி.மீ. கூட்டி, அந்த அளவில் பிட்டின்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றுங்கள். நாடா சுவரைத் தொட்டால் ஆழம் போதும்.

பிட்டை மாட்டும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். குறைந்தபட்சம் திசை மாற்றும் பொத்தானை நடுவில் வையுங்கள், விசை பூட்டிக்கொள்ளும். பிட் மூன்று தாடைகளின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டுங்கள். பெட்டியிலேயே கிடக்கும் அந்தத் துண்டுதான் மணிக்கட்டு திருகாமல் காப்பாற்றுவது.

துளைக்கு இரண்டு விரல்கடை கீழே ஒரு காகிதத்தை மடித்துப் பை போல ஒட்டிவிடுங்கள். தூள் அதில் விழும், புதுப் பெயிண்ட் தப்பும். முதலில் ஹாமர் இல்லாமல் மெதுவாகச் சுற்றி ஒரு சிறு குழி எடுங்கள். பிறகு ஹாமருக்கு மாற்றி, கியரை வேகமான 2-இல் வைத்து, முழங்கை உடலோடு ஒட்டியிருக்க, சுவருக்குச் செங்குத்தாக ஒரே சீராக அழுத்துங்கள். பூச்சு முடிந்து கான்கிரீட் தொடங்கும் இடம் கையிலேயே தெரியும்: ஒலி உயரும், மெஷின் அதிரும்.

இனி அவசரம் கூடாது. எட்டுப் பத்து விநாடிக்கு ஒருமுறை, சுற்றிக்கொண்டிருக்கும்போதே பிட்டை வெளியே இழுத்துத் தூளை உதறுங்கள். தூள் உள்ளேயே தங்கினால் பிட் கல்லை வெட்டாமல் தூளைத்தான் அரைத்துக்கொண்டிருக்கும். சூடேறி நுனி போய்விடும். நிலவிலும் இதுதான் நடந்தது. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் பேட்டரி டிரில்லால் நிலவின் தரையில் 3 மீட்டர் ஆழத் துளை போட முயன்றார். தண்டுகளின் இணைப்பில் சுருள் பள்ளம் அறுபட்டிருந்ததால் தூள் மேலே ஏற வழியில்லாமல் இறுகியது. முதல் துளை சுமார் 1.6 மீட்டரோடு நின்றுபோனது. அடுத்த பயணத்துக்குத் தண்டுகளைத் திருத்திக் கொடுத்தார்கள். நம்மால் இழுத்து உதற முடியும். அவர்களால் அது முடியவில்லை.

திடீரென்று கீச்சென்ற உலோக ஒலி வந்து, பிட் ஒரு மில்லிமீட்டரும் இறங்கவில்லை என்றால் கம்பியில் மோதிவிட்டீர்கள். அழுத்தாதீர்கள். கம்பியை வெட்டுவது லிண்டலுக்கும் நல்லதல்ல. ஒரு அங்குலம் தள்ளிப் புதிய துளை போட்டு, பழையதைப் பட்டி வைத்து அடைத்துவிடுங்கள். கொக்கியின் அடித்தகடு அதை மறைத்துவிடும்.

மெஷின் சூடாகிவிட்டால், பிட்டைக் கழற்றிவிட்டு வேகமான கியரில் சுமையில்லாமல் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். உள்விசிறி குளிர வைக்கும். நான்கு துளையும் முடிந்ததும் உள்ளே தங்கிய தூளைச் சிறு தூரிகையால் எடுங்கள். வாயால் ஊதினால் நேரே கண்ணுக்கு வரும். பிளக்கைச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சுவரோடு மட்டமாக உட்கார வையுங்கள். விரல் அழுத்தத்திலேயே உள்ளே போனால் துளை பெரிதாகிவிட்டது, 8 மி.மீ.க்கு மாறுங்கள். திருகு ஏற்றும்போது ஹாமரை நிறுத்தி, கியரை 1-இல் வைத்து, முறுக்கு விசைக்கு எல்லை வைக்கும், எண்கள் பொறித்த கழுத்து வளையத்தை 5-இல் தொடங்குங்கள். கடகடவென்று சத்தம் வந்து நின்றால் ஒன்றிரண்டு எண் ஏற்றுங்கள். எடுத்த எடுப்பிலேயே உச்ச எண்ணில் வைத்தால் திருகின் தலை மழுங்கும், அல்லது பிளக் சுற்றும்.

மின்விசிறி கொக்கி, ஊஞ்சல், தொட்டில் போன்று மனிதரின் தலைக்கு மேலே அல்லது மனித எடையைத் தாங்கித் தொங்குபவற்றுக்குப் பிளாஸ்டிக் பிளக் ஆகாது. அதற்கு ஆங்கர் போல்ட் வேண்டும். செய்து பழகியவர் வேண்டும்.

டைல்ஸ், ஏஏசி, மரம், இரும்பு

டைல்ஸில் ஹாமர் வேண்டவே வேண்டாம். ஒரே தட்டில் கீறல் ஓடிவிடும். புள்ளியின்மேல் ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் பிட் வழுக்காது. சாதாரணச் சுவர் டைல்ஸுக்கு ஈட்டி முனைப் பிட், விட்ரிஃபைடு டைல்ஸுக்கு வைரத்தூள் பதித்த குழாய்ப் பிட். மெதுவாகச் சுற்ற வேண்டும். ஈரப் பஞ்சால் அவ்வப்போது நனைக்க வேண்டும், மெஷினில் தண்ணீர் படக்கூடாது. டைல்ஸைத் தாண்டியபின் சுவர் பிட்டுக்கு மாறி, ஹாமரைப் போட்டுக்கொள்ளலாம்.

ஏஏசி பிளாக்கிலும் ஹாலோ பிளாக்கிலும் ஹாமர் போட்டால் துளை அளவு பெருத்து, பிளக் ஆடும். வெறும் சுழற்சி போதும். ஏஏசிக்கென்று விற்கும் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

தேக்கு, வேம்பு போன்ற மரத்தில் திருகு ஏற்றுமுன் திருகைவிட மெல்லிய பிட்டால் வழித்துளை போடாவிட்டால் பலகை பிளந்துவிடும். துளையின் மறுபக்கத்தில் கழிவுப் பலகை ஒன்றை வைத்துக்கொண்டால் சிலும்பு எழாது. இரும்பில் முதலில் ஆணியால் ஒரு புள்ளி குத்தி, மெதுவான வேகம், நல்ல அழுத்தம், ஒரு சொட்டு எண்ணெய். துண்டைக் கையால் பிடிக்காதீர்கள், கிளாம்ப் போடுங்கள். பிட் மறுபக்கம் எட்டிப்பார்க்கும் நொடியில் தகடு விசிறி போலச் சுழலும்.

பேட்டரியை வைத்துக்கொள்வது

லித்தியம் பேட்டரிக்கு எதிரி வெயில். மே மாதத்தில் நிறுத்திய காரிலோ ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியிலோ விட்டுவிட்டு வராதீர்கள். வேலை முடிந்து சுடச்சுட இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல் அரை மணி நேரம் ஆற விடுங்கள். ஏற்றிய பேட்டரியைச் சார்ஜரிலேயே இரவு முழுவதும் விடவும் வேண்டாம். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி அளவு சார்ஜோடு மெஷினிலிருந்து கழற்றி, நிழலான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். திருகுகள் கிடக்கும் டப்பாவில் போடாதீர்கள். ஒரே ஓர் ஆணி இரண்டு முனைகளையும் தொட்டால் தீப்பிடிக்கும்.

விமானத்தில் கொண்டுவருபவர்கள் மெஷினைப் பெரிய பெட்டியிலும், தனிப் பேட்டரியைக் கைப்பையிலும் வைக்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர் கிடைக்கும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 90. நூறுக்குள் இருப்பதால் பொதுவாகத் தடையில்லை. 6 ஆம்பியர்-அவர் என்றால் 108. விமான நிறுவனத்திடம் முன்பே அனுமதி வாங்க வேண்டும்.

உப்பிய பேட்டரி, கீழே விழுந்து விரிந்த பேட்டரி, சார்ஜில் வழக்கத்துக்கு மீறிச் சுடும் பேட்டரி ஆகியவற்றை மறுபடியும் சார்ஜ் போடாதீர்கள். முனைகளின்மேல் ஒட்டுநாடா ஒட்டி, வீட்டுக்கு வெளியே மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்துவிட்டு, விற்ற கடையிலோ மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடமோ கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்திருக்கின்றன. கடைக்காரர் தயங்கினால் இதைச் சொல்லிக் கேளுங்கள். குப்பை வண்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். வண்டிக்குள் நசுங்கினால் அங்கேயே பற்றிக்கொள்ளும்.